வீடு வீடாகப் புத்தகம் விற்றவர்

ரயில் நிலையக் கடையிலும், நடைபாதைப் பழைய புத்தகக் குவியலிலும், லெண்டிங் லைப்ரரி அலமாரியிலும் ஒரு காலத்தில் ஜேம்ஸ் ஹாட்லி சேஸ் நிச்சயம் இருப்பார். அட்டையில் ஒரு பெண் இருப்பாள், அல்லது துப்பாக்கி இருக்கும், பெரும்பாலும் இரண்டுமே. உள்ளே இருக்கும் கதைக்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தம் இருந்தால் அது வாங்கியவரின் அதிர்ஷ்டம். வீட்டில் காட்டத் தயங்கி, செய்தித்தாளில் அட்டை போட்டுப் படித்தவர்களில் பலர் இன்று தாத்தா பாட்டிகள்.

இலக்கியம் தெரிந்தவர்களிடம் சேஸ் என்று சொன்னால் இரண்டு குற்றச்சாட்டுகள் உடனே வரும். ரத்தம் அதிகம். அவர் காட்டும் அமெரிக்கா போலி. இரண்டையும் மறுக்க முடியாது. ஆனால், ஏறத்தாழ தொண்ணூறு நாவல்களை லண்டன் முதல் மதராஸ் வரை ஜனங்கள் ஏன் காசு கொடுத்து வாங்கினார்கள் என்ற கேள்விக்கு அவை பதில் சொல்வதில்லை. எழுத வருவதற்கு முன் அவர் பார்த்த வேலையில்தான் பதில் இருக்கிறது.

இயற்பெயர் ரெனே பிரபஸான் ரேமண்ட். 1906 டிசம்பர் 24இல் லண்டனில் பிறந்தார். அப்பா பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் கால்நடை மருத்துவப் பிரிவின் அதிகாரி. மகன் விஞ்ஞானியாக வேண்டும் என்பது அவர் கனவு. மகனோ பதினெட்டு வயதில் வீட்டை விட்டு வெளியேறி, குழந்தைகளுக்கான கலைக்களஞ்சியத்தைக் கதவு கதவாகத் தட்டி விற்கப் போய்விட்டார். பிறகு சிம்ப்கின் மார்ஷல் என்ற பெரிய மொத்தப் புத்தக வியாபார நிறுவனத்தில் வேலை. எந்தப் புத்தகம் நகர்கிறது, எது தூசி படிந்து திரும்பி வருகிறது என்பதைப் பேராசிரியர்களைவிட நன்றாக அறிந்த இடம் அது. (1940 டிசம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் அந்த நிறுவனத்தின் கிடங்கு பல லட்சம் புத்தகங்களோடு எரிந்து சாம்பலானது.)

முப்பதுகளில் பிரிட்டிஷ் வாசகர்கள் அமெரிக்க கேங்ஸ்டர் கதைகளைத் தேடி அலைந்தார்கள். ஜேம்ஸ் எம். கெய்னின் ‘தி போஸ்ட்மேன் ஆல்வேஸ் ரிங்ஸ் ட்வைஸ்’ நாவல் போட்ட போடு ரேமண்டின் கண்ணில் பட்டது. அமெரிக்கக் கொச்சை மொழி அகராதி ஒன்று, சில வரைபடங்கள், வார இறுதி விடுமுறைகள். மூலதனம் அவ்வளவுதான். 1939இல் ‘நோ ஆர்க்கிட்ஸ் ஃபார் மிஸ் பிளாண்டிஷ்’ வெளிவந்தது. பணக்காரர் மகளை ஒரு கும்பல் கடத்துகிறது. அவளை அவர்களிடமிருந்து பறிக்கிறது அதைவிடக் கொடிய இன்னொரு கும்பல். அதன் தலைமை மா கிரிஸ்ஸன் என்ற ஒரு தாய். போர்க்காலத்தில் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. நாடகமானது, 1948இல் படமும் ஆனது. படத்தை லண்டன் விமர்சகர்கள் அருவருப்பின் உச்சம் என்று கிழித்துப் போட்டார்கள்.

அதற்கு முன்பே கிழித்தவர் ஜார்ஜ் ஆர்வெல். 1944இல் ‘ஹொரைஸன்’ இதழில் எழுதிய கட்டுரையில், பழைய கனவான் திருடன் ராஃபிள்ஸையும் இந்த நாவலையும் அருகருகே வைத்துப் பார்த்தார். ராஃபிள்ஸ் திருடினாலும் செய்யக்கூடாதது என்று அவனுக்குச் சில உண்டு; இங்கே அப்படி எதுவுமே இல்லை, அதிகாரத்தை வழிபடும் மனநிலை மட்டுமே இருக்கிறது, இது ஃபாசிசத்தின் காலத்துக்கு ஏற்ற பகல்கனவு என்பது அவர் வாதம். ஒரு சொல்கூட வீணாகாத எழுத்து என்பதையும் அதே கட்டுரையில் ஒப்புக்கொண்டார். ஆர்வெல் நேர்மையான வாசகர்.

முதல் நாவலைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. ஆனால் அந்தத் தீர்ப்பைப் பின்னால் வந்த நாவல்களின் தலையிலும் கட்டுவது நியாயமில்லை. முதிர்ந்த சேஸின் நாயகன் பலசாலி அல்ல. கையில் காசில்லாத சராசரி ஆள். ‘தேர்ஸ் ஆல்வேஸ் எ பிரைஸ் டேக்’ (1956) நாவலில் ஒருவன் குடிகார சினிமா முதலாளியின் கார் டிரைவராகிறான். முதலாளியின் மனைவியோடு சேர்ந்து இன்ஷூரன்ஸ் பணத்துக்குக் கணக்குப் போடுகிறான். முதலாளி தற்கொலை செய்துகொள்கிறார். தற்கொலைக்குப் பணம் வராது. ஆகவே செய்யாத கொலையைச் செய்ததுபோல் ஜோடிக்க வேண்டிய கட்டாயம். உடலை ஃப்ரீஸரில் ஒளித்துவைக்கிறார்கள். குற்றக் கதையைத் தலைகீழாகப் புரட்டிப் போடும் இந்த ஒரு யோசனைக்காகவே சேஸுக்குக் கைதட்டலாம். பேராசைக்காரன் எவனையும் அவர் நிம்மதியாகத் தூங்க விட்டதில்லை. அறம் போதிக்கும் நோக்கத்தைவிட வியாபாரியின் கணக்கு இதில் அதிகம்: எதிர்வீட்டுக்காரன் குறுக்குவழியில் கோடீஸ்வரனாவதை வாசகன் முக்கால் புத்தகம் வரை ரசிப்பான், கடைசி வரை பொறுத்துக்கொள்ள மாட்டான். கதவு தட்டி விற்றவருக்கு இது தெரியாதா?

பொருளே வாங்க விருப்பமில்லாத வீட்டுக்காரரைக் கதவைச் சாத்தவிடாமல் முதல் வாக்கியத்திலேயே நிறுத்தும் பழக்கமும் அங்கிருந்து வந்ததே. சேஸின் முதல் பத்துப் பக்கத்தில் ஊர் வர்ணனை கிடையாது, வம்சாவளி கிடையாது. அமெரிக்கா போலியாக இருந்தது வாசகனைத் தொந்தரவு செய்யாததற்கும் இதுவே காரணம். அதைச் சரிபார்க்க அவர் அவகாசம் தருவதில்லை. அந்த நாட்டுக்கு அவர் போனதே மிகக் குறைவு, மயாமி, நியூ ஆர்லியன்ஸ் என்று சில நாள். பாரடைஸ் சிட்டி என்று ஃப்ளோரிடாவில் ஒரு நகரத்தையே கற்பனையில் கட்டி, பல நாவல்களை அங்கே நடத்திக்கொண்டார்.

எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்க முடியாது. ‘மிஸ் கேலஹன் கம்ஸ் டு கிரீஃப்’ ஆபாசம் என்று 1942இல் வழக்குப் போட்டு நூறு பவுண்டு அபராதம் விதித்தார்கள். அது அந்தக் காலத்து ஒழுக்கத்தின் பதற்றம் என்று விட்டுவிடலாம். அமெரிக்கக் குற்றக்கதை எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லர் விவகாரம் அப்படியல்ல. 1945இல் ரேமண்ட் மார்ஷல் என்ற புனைபெயரில் சேஸ் எழுதிய ‘பிளாண்ட்ஸ் ரெக்வியம்’ நாவலில் சாண்ட்லரின் பத்திகள் அப்படியே இருந்தன. ‘தி புக்செல்லர்’ இதழில் சேஸ் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அதே ஆண்டு வெளிவந்த அவருடைய ‘ஈவ்’ நாவலின் நாயகன் யார் தெரியுமா? இறந்துபோன ஒருவன் எழுதிய நாடகத்தைத் திருடித் தன் பெயரில் புகழ் பெற்றவன்! இயக்குநர் ஜோசஃப் லோஸி அந்த நாவலை 1962இல் நடிகை ஜான் மோரோவை வைத்துப் படமாக்கினார்.

பிரான்ஸில் இந்தக் கூச்சங்கள் இல்லை. காலிமார் பதிப்பகத்தின் புகழ்பெற்ற ‘செரி நுவார்’ வரிசையில் மூன்றாவது புத்தகமே மிஸ் பிளாண்டிஷ்தான். ஐம்பதுகளில் பிரான்ஸுக்கும் பிறகு சுவிட்சர்லாந்துக்கும் குடிபோன சேஸ், விளம்பரம் தேடாமல் வாழ்ந்து 1985 பிப்ரவரியில் இறந்தார்.

இன்று அவரைப் படிக்க நினைப்பவர் ஆர்க்கிட் நாவலில் தொடங்க வேண்டியதில்லை. அதை அவரே 1961இல் திருத்தி எழுதினார். அதே ஆண்டின் ‘ஜஸ்ட் அனதர் சக்கர்’ கிடைத்தால் எடுக்கலாம். லஞ்சம் வாங்க மறுத்ததால் சிறைக்குப் போய்த் திரும்பிய பத்திரிகையாளன் ஹாரி பார்பர், பணத்துக்காக ஒரு போலிக் கடத்தலுக்குத் துணைபோகிறான். கடத்தப்பட்டதாக நடிக்க வேண்டிய பெண் அவன் கார் டிக்கியிலேயே பிணமாகக் கிடக்கிறாள். அந்த வழக்கின் செய்தித் தொடர்பு வேலைக்கு அரசு வழக்கறிஞர் அலுவலகம் அவனையே அழைக்கிறது. அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போக முடிகிறவர்கள் ஆர்வெல் கட்சியில் சேர்ந்துகொள்ளலாம்.