கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு யார் பொறுப்பு?

ட்ரோன் பறக்கவிடும் பிள்ளைகளிடம், "இவ்வளவு தூரம் அனுப்புகிறாயே, பயமில்லையா?" என்று கேட்டுப் பாருங்கள். மூன்று பதில்கள் வரும். "ஸ்கிரீன்ல எல்லாம் தெரியுது." "சின்னப் பொம்மைதானே." "சிக்னல் போனா அதுவே திரும்பி வந்துடும்." என் அண்ணன் பேரனும் போன வாரம் இதையேதான் சொன்னான். இவை மூன்றும் பதில்களே அல்ல, வெறும் சமாதானங்கள் என்பது என் கட்சி.

முதலில் ஸ்கிரீன். கேமரா தான் பார்க்கும் பக்கத்தை மட்டும்தான் காட்டும். பக்கவாட்டிலோ பின்னாலோ மேலேயோ ஒரு ஹெலிகாப்டர் வந்தால் அதில் தெரியாது. தரையில் நின்று நேரே பார்க்கிறவனுக்கு வானம் முழுவதும் தெரியும், சத்தமும் கேட்கும். ஸ்கிரீனைப் பார்க்கிறவனுக்கு இரண்டும் இல்லை.

இரண்டாவது, "பொம்மைதானே" என்பது. 2025 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பாலிசேட்ஸ் காட்டுத்தீ எரிந்துகொண்டிருந்தது. தீயணைக்கக் கனடாவின் கியூபெக்கிலிருந்து வந்திருந்த சூப்பர் ஸ்கூப்பர் விமானத்தில் ஒரு பொழுதுபோக்கு ட்ரோன் மோதியது. இறக்கையில் சுமார் 3 அங்குலத்துக்கு 6 அங்குலம் ஓட்டை. உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். நல்லவேளை, பத்திரமாக இறங்கினார்கள். ஆனால் தீ எரியும் நேரத்தில் அந்த விமானம் பழுதுபார்ப்புக்காகத் தரையில் நின்றது. ட்ரோனை விட்டவர் சான்டா மோனிகாவில் ஒரு கார் பார்க்கிங் கட்டடத்தின் மேல்தளத்தில் நின்று, தீயைப் பார்க்க அதை அனுப்பியிருக்கிறார். அந்தப் பகுதியில் பறக்கத் தடை இருந்தது. சுமார் 2,500 மீட்டர் போனபின் ட்ரோன் அவர் கண்ணிலேயே இல்லை. அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. வேடிக்கை பார்க்கும் ஆசைதான். அதற்கே இவ்வளவு.

மூன்றாவது, தானாகத் திரும்பும் வசதி. அது முன்கூட்டி வைத்த உயரத்தில் நேர்கோட்டில் வரும். உயரத்தைக் குறைவாக வைத்திருந்தால் நடுவில் இருக்கும் செல்போன் கோபுரத்தில் போய் முட்டும். எதிர்க்காற்றில் பேட்டரி தீர்ந்தால் எங்கே இருக்கிறதோ அங்கேயே இறங்கும். கீழே பள்ளிக்கூட மைதானமா, நெடுஞ்சாலையா என்று அது பார்க்காது.

நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு வண்டி அனுப்புவதுதான் எங்கள் தொழிலே. அடுத்த ஸ்டேஷனிலிருந்து லைன் கிளியர் கிடைக்காமல் ஒரு வண்டியையும் விட்டதில்லை. அந்தப் பக்கம் ஒரு மனிதர் "பாதை காலி, அனுப்பு" என்று பொறுப்பேற்றுக்கொண்ட பிறகுதான் எங்கள் கொடி அசையும். இத்தனைக்கும் ரயில் தண்டவாளத்தை விட்டு விலகாத வண்டி! தண்டவாளமே இல்லாத வானத்தில், எதிர்முனையில் யாருமே இல்லாமல் அனுப்புகிறீர்களே, உங்களுக்கு லைன் கிளியர் கொடுத்தது யார்?

"250 கிராமுக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம்" என்பார்கள். சரிதான், நம் நாட்டு 2021 ட்ரோன் விதிகளில் நானோ வகைக்குப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. சான்றிதழ் வேண்டாம் என்றால் பொறுப்பும் வேண்டாம் என்று அர்த்தமா? நடந்து போவதற்கும்தான் லைசென்ஸ் இல்லை. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சாலையைக் கடப்போமா?

பறக்கவே விடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அழகான பொழுதுபோக்குதான். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை மண்டலமா என்று பாருங்கள். 400 அடிக்கு மேல் போகாதீர்கள். கண்ணாடி மாட்டிப் பறக்கவிடுகிறவர்கள் பக்கத்திலேயே ஒருவரை நிறுத்தி, ட்ரோனிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்க்கச் சொல்லுங்கள். வெறுங்கண்ணால் பார்த்து, அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்ல முடியவில்லையா? போதும், திருப்பிக் கொண்டுவாருங்கள்.

ரிமோட் உங்கள் கையில் இருக்கிறவரை, அது எங்கே விழுந்தாலும் விழவைத்தது நீங்கள்தான்.