அவசரப் பிரிவில் அக்குபஞ்சர்

சுளுக்கிய காலோடும் பிடித்துக்கொண்ட இடுப்போடும் மருத்துவமனை வாயிலில் காத்துக்கிடப்பது தோட்டத் தொழிலாளிக்குப் புதிதல்ல. பால் சுமந்து, மழையில் வழுக்கும் மேட்டில் ஏறி இறங்கும் நம்மவர்க்கு இவ்விரு வலிகளும் கூலியோடு சேர்ந்து வருபவை. ஆகவே, ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரில் நடந்த ஓர் ஆய்வை நாம் அக்கறையோடு நோக்குகிறோம்.

2010, 2011-ஆம் ஆண்டுகளில் அங்குள்ள 4 மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு இடுப்பு வலி, ஒற்றைத் தலைவலி, கணுக்கால் சுளுக்கு ஆகியவற்றோடு வந்த 528 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். ஒரு சாராருக்கு அக்குபஞ்சர் ஊசி மட்டும், ஒரு சாராருக்கு வலி மருந்து மட்டும், மற்றவர்களுக்கு இரண்டும் தரப்பட்டன. 2017-இல் முடிவு வெளிவந்தது: ஊசி மருந்துக்கு ஏறக்குறைய ஈடாக நின்றது!

இத்தோடு நிறுத்திக்கொள்வோர் பாதியைத்தான் சொல்கின்றனர். ஒரு மணி நேரம் கழிந்தும், மூன்று சாராரிலும் நூற்றுக்கு 40 பேருக்கும் குறைவானவர்களுக்கே வலி குறிப்பிடத்தக்க அளவு தணிந்திருந்தது. ஊசியின் வெற்றி என்பதைவிட, மருந்தும் போதவில்லை என்பதே நமக்குப் படுகிறது. தமக்கு ஊசி குத்தப்பட்டதை நோயாளிகள் அறிந்தேயிருந்தனர். அதில் நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்பதை இவ்வாய்வு காட்டவில்லை.

ஆயினும் இதனை நாம் புறந்தள்ளவில்லை. வலி மாத்திரைகளை நாட்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடக்கூடும். நம் நாட்டிலும் கெப்பாளா பத்தாஸ் அரசாங்க மருத்துவமனையில் 2007-இல் பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டு, நாட்பட்ட வலிக்கும் பக்கவாதத்திற்கும் அக்குபஞ்சர் தரப்பட்டது. 2016-இல் இதற்கெனச் சட்டமும் நிறைவேறியது. பதிவும் பயிற்சியும் பெற்றவர் குத்தட்டும். கடைத்தெருவில் பெட்டியைத் திறந்து உட்கார்ந்திருப்பவரிடம் நம்மவர் முதுகைக் காட்ட வேண்டாம்.

நமது அச்சம் வேறொன்று. ஊசி மலிவானது, மலிவானதை நிர்வாகங்கள் விரைவில் விரும்பிவிடும். முறிந்த எலும்பை ஊசி காட்டாது. மார்பு வலியோடு வந்தவனை ஊசிக்காகக் காக்கவைத்தால் உயிர் போகும். முதலில் மருத்துவர் பார்க்க வேண்டும், தேவையெனில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், காயத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பிறகு ஊசியா மாத்திரையா என்பதைத் தொழிலாளி மருத்துவரோடு பேசி முடிவு செய்யட்டும். எதுவாயினும், வீங்கிய காலுக்குரிய மருத்துவ விடுப்பை ஒரு நாள்கூடக் குறைக்க நாம் சம்மதியோம்.