படம் சொல்வதும் சொல்லாததும்



மல்லாங்கிணற்றில் அண்மையில் ஓர் இல்லத்திற்கு நோயாளியைச் சந்திக்கச் சென்றிருந்தோம். தீப்பெட்டி ஆலையில் நெடுங்காலம் உழைத்த பெரியவர் அவர். கணையத்தில் புற்றுநோய். மகன் வாசலிலேயே நம்மை நிறுத்தி, மதுரையில் எடுத்த ஸ்கேன் படத்தை நீட்டினார். "சாமி, அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. இதைப் பார்த்தே எத்தனை மாதம் இருப்பார் என்று சொல்லிவிடலாமாமே, உண்மையா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். பல இல்லங்களில் எழும் வினா இது.

கணையம் இரைப்பைக்குப் பின்னே, முதுகெலும்பை ஒட்டி மறைந்திருக்கும் உறுப்பு. அங்குத் தோன்றும் கட்டி எளிதில் கைக்குத் தட்டுப்படாது. 1971-இல் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்பட்ட சி.டி. ஸ்கேன் கருவியே பின்னாளில் இம்மறைவிடத்தையும் வெளிச்சமாக்கிற்று. அதற்காக ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மாக்கும் 1979-இல் நோபல் பரிசு பெற்றனர்.

மருத்துவர் அப்படத்தில் எதைத் தேடுகிறார்? குடலுக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய்களைக் கட்டி சுற்றியுள்ளதா, ஈரலுக்குப் பரவியுள்ளதா என்று முதலில் பார்க்கிறார். இரண்டும் இல்லையெனில் அறுவைக்கு வழியுண்டு. அந்நிலையில் வருவோர் நூற்றுக்குப் பதினைந்து இருபது பேரே. இடுப்பளவில் முதுகுத் தசை மெலிந்திருப்பின் உடல் சிகிச்சையைத் தாங்குவது கடினம் என்றும் கணிக்கின்றனர். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய வேறுபாடுகளை இன்று கணினியும் அளக்கிறது.

எனினும், இக்கணிப்பு கூட்டத்தைப் பற்றியது. தனியொருவரின் நாளைக் குறிப்பதன்று. இத்தகைய நோயாளிகள் நூறு பேரில் எத்தனை பேர் ஓராண்டைக் கடப்பர் என்று அது கூறும். நம் தந்தை அவர்களுள் எவர் என்று கூறாது.

கோவா முதலமைச்சராயிருந்த மனோகர் பாரிக்கருக்கும் இந்நோயே. 2018-இல் அது வெளியே அறிவிக்கப்பட்டது. 2019 ஜனவரியில் மூக்கில் குழாயுடன் சட்டமன்றத்தில் வரவு செலவுத் திட்டத்தைப் படித்தார். மார்ச் 17 அன்று மறைந்தார். எஞ்சிய நாள்கள் சிலவே எனினும் அவற்றை அவரே செலவிட்டார்.

பிறிதொன்றும் சொல்ல வேண்டும். வலியின்றி மஞ்சள் காமாலை கண்டால், கீழாநெல்லி அரைத்துக் குடித்து வாரக்கணக்கில் காத்திருப்பது நம்மூர் வழக்கம். ஐம்பதைக் கடந்தவருக்குக் காமாலையோ, காரணமற்ற உடல் மெலிவோ, திடீர்ச் சர்க்கரை நோயோ வந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். படம் காலத்தே எடுக்கப்பட்டால்தான் அதில் நம்பிக்கைக்கு இடமிருக்கும்.

அன்று மகனிடம், "மாதக் கணக்கைச் சொல்ல வேண்டாம், நோயின் பெயரை மறைக்கவும் வேண்டாம்" என்றோம். மறுவாரம் சென்றபோது பெரியவரே பேச்சைத் தொடங்கினார். "எனக்குத் தெரியும் சாமி. இவர்கள்தாம் என்னிடம் மறைத்துத் தவித்தார்கள். இளையவள் பெயருக்கு வீட்டை எழுத வேண்டும். தம்பியோடு பேசி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன, அவனை வரச் சொல்லியிருக்கிறேன்."

தம்பி அன்று மாலையே வந்து சேர்ந்தார்.