பித்தளைத் தகட்டில் இல்லாத ஊர்

பழைய போர்க்கப்பல்களை உடைத்தபோது ஆங்கிலேயர்கள் மரம் முழுவதையும் விறகுக்குப் போட்டுவிடவில்லை. நாற்காலி, கைத்தடி, மெழுகுவர்த்தித் தண்டு, சாம்பல் கிண்ணம் என்று செய்து, ஒவ்வொன்றிலும் சிறு பித்தளைத் தகடு ஒன்றை அடித்து விற்றார்கள். 'இது இன்ன கப்பலின் மரம்' என்று தகடு சொல்லும். அந்த ஒரு வரிக்குத்தான் விலை. தகட்டைக் கழற்றினால் அது வெறும் கிண்ணம்! (எந்த மரத்திலும் தகடு அடிக்கலாம் என்பதை வாங்குகிறவர்கள் மறக்கக்கூடாது.)

நெல்சனின் கொடிக்கப்பலாக இருந்த 'ஃபூட்ராயன்ட்' 1897-ல் பிளாக்பூல் கடற்கரையில் புயலில் சிக்கி உடைந்தது. அதன் உரிமையாளர் மரத்தையும் செம்பையும் நினைவுப் பொருள்களாக்கி விற்றார். அதற்குப் பதிலாக அவர் வாங்கிய கப்பல் எது தெரியுமா? 1817-ல் நம் பம்பாய்த் துறையில் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா கட்டிய 'டிரிங்கோமலி'! திருகோணமலையின் பெயர், மலபார்த் தேக்கு. ஓக் மரத்தின் புளிப்பு இரும்பு ஆணியை அரிக்கும்; தேக்கின் எண்ணெயோ அதைக் காக்கும். அந்தக் கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது.

கங்கையின் பெயர் தாங்கிய 'கேஞ்சஸ்' கப்பலும் 1821-ல் இங்கேயே கட்டப்பட்டதுதான். 1930-ல் அதை உடைத்தார்கள். அதன் தேக்கும் வீட்டுச் சாமான்களாகி மேசைகளில் ஏறியது. அவற்றின் தகட்டில் கப்பலின் பெயர் உண்டு. பம்பாயைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. காட்டில் மரம் வெட்டியவன், அதை இழுத்து வந்தவன், வாளும் உளியும் பிடித்த தச்சன் ஆகியோரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கப்பலில் ஏறிச் சண்டையிட்டவனுக்குப் பெயர். கப்பலைக் கட்டியவனுக்குக் கூலியோடு சரி. இது என்ன நியாயம்?

வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் 'விக்ராந்த்' கப்பலை 2014-ல் இதே நகரத்துத் தாருகானாவில் உடைக்கத் தொடங்கினார்கள். அதன் இரும்பு கலந்து 2016-ல் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. விளம்பரம் கப்பலின் புகழைப் பாடியது. கியாஸ் விளக்கு பிடித்து அதை அறுத்த கூலிக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா?

ஆயிரக்கணக்கான குமாஸ்தாக்கள் நாள்தோறும் கோட்டைப் பகுதியில் லயன் கேட்டைக் கடந்து வேலைக்குப் போகிறார்கள். அந்தச் சுவருக்கு உள்ளேதான் மேற்சொன்ன 'டிரிங்கோமலி'யும் 'கேஞ்சஸ்' கப்பலும் பிறந்தன. இத்தகைய பொருள்களை வைத்திருக்கும் அருங்காட்சியகங்களும் ஏலக் கடைகளும் பழைய தகட்டைத் தொட வேண்டாம். பக்கத்தில் ஒரு சிறு அட்டை வைத்தால் போதும்: மரம் மலபார், கட்டியது பம்பாய்த் தொழிலாளர்கள், ஆண்டு இன்னது. அட்டைக்கு ஆகும் செலவு சில ரூபாய்தான்.