ரியூப்பின் பின்பக்கத்தையும் வாசிப்போம்

பெயின்ற் வாங்கப் போனால் நாங்கள் என்னத்தைப் பார்ப்போம்? முதல்ல நிறம், அடுத்தது விலை. பின்பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தை வாசிக்கிற ஆக்கள் குறைவு. ஆனால் அந்தப் பொடி எழுத்துக்கும் ஒரு வரலாறு இருக்கு.

1832இல் லண்டன் ரத்போன் பிளேஸில் வில்லியம் வின்சர், ஹென்றி நியூட்டன் என்ற இரண்டு பேர் சேர்ந்து ஒரு வர்ணக் கடை தொடங்கினார்கள். அதுதான் இன்றைய வின்சர் அன்ட் நியூட்டன். 1834இல் நாக ஒட்சைட்டில் செய்த 'சைனீஸ் வைற்' என்ற வெள்ளை நீர்வர்ணத்தைக் கொண்டுவந்தார்கள். அப்போது எண்ணெய் வர்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டித்தான் விற்பார்கள். 1841இல் ஜோன் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்கி எடுக்கிற உலோக ரியூப்புக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் அந்தக் கஷ்டம் தீர்ந்தது.

கம்பனிப் பெருமை பேசுறவர்கள் இதோட நிறுத்திவிடுவார்கள். எங்களுக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று.

ஓவியர் டர்னர் வெளிச்சத்தில் மங்கிப்போகும் கார்மைன் போன்ற நிறங்களையும் பாவித்தவர். அதை வின்சர் கண்டித்தபோது, வர்ணம் செய்வதுதான் உம்முடைய வேலை என்று டர்னர் வாயை அடைத்தாராம். நல்ல பகிடிதான். ஆனால் மங்கும் என்று தெரிந்த சாமானை விற்கிறவருக்குப் பொறுப்பில்லையா?

1886இல் நீர்வர்ண ஓவியங்கள் வெளிச்சத்தில் மங்குதா என்று லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் பெரிய வாக்குவாதம் நடந்தது. 1888இல் ரசல், அப்னி என்ற இருவரின் ஆய்வறிக்கை, பல நிறங்கள் உண்மையிலேயே மங்கும் என்று காட்டியது. 1892இல்தான் வின்சர் அன்ட் நியூட்டன் தன் வர்ணங்களில் என்ன கலந்திருக்கு, எது எவ்வளவு நிலைக்கும் என்று வெளியிட்டது. இதை வெறும் பெருந்தன்மை என்று நாங்கள் நினைக்கவில்லை. ஆக்கள் பகிரங்கமாகக் கேள்வி கேட்டிருந்தார்கள்.

இன்று நல்ல ரியூப்களில் நிறமியின் குறியீடு இருக்கும். பிபி29 என்றால் அல்ட்ராமரின் நீலம். நாங்கள் வாங்கும் மலிவுப் பெட்டிகளிலோ பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. போன வருஷம் பீடத்துச் சுவரில் நாங்கள் மாட்டிய படத்தில் ரோஸ் நிறம் சில மாதத்திலேயே வெளிறிப்போச்சு. எது கலந்தது என்று பார்க்கப் பெட்டியில் ஒரு வரிகூட இல்லை.

விலை கூடின பெயின்ற் வாங்க எங்களிட்டக் காசில்லை, உண்மைதான். மலிவாகவே விற்கட்டும். ஆனால் மங்கும் என்றால் மங்கும் என்று எழுதி விற்கட்டும். அடுத்த முறை கடைக்குப் போனால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கோ. ஒன்றும் இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேளுங்கோ.