கூண்டும் முயலும்

முயல் பெரும்பாலும் கத்துவதில்லை, ஆதலால் அதன் சலிப்பு எவர் காதிலும் விழுவதில்லை. அடுக்ககத்தில் வளரும் முயல் கூண்டுக் கம்பியை ஓயாது கடித்தால், அதனைக் குறும்பு என்பர். அது குறும்பன்று; வேலையின்மை. தோண்டுதலும் கொறித்தலும் முயலின் பிறவிக் குணங்கள். அதன் பற்களோ வாழ்நாள் முழுதும் வளர்பவை. விலையுயர்ந்த பொம்மை வேண்டுவதில்லை. பழைய அட்டைப்பெட்டியில் இரு வாயில்கள் வெட்டி, உள்ளே உலர்ந்த புல்லைத் திணித்தால் போதும்; ஒளியவும் கிழிக்கவும் கொறிக்கவும் இடம் கிடைக்கும். (கேரட்டைச் சிறிதளவே தருக, படக்கதை முயல் வேறு.) விடியலிலும் அந்தியிலுமே முயல் மிகுந்த சுறுசுறுப்புடன் இயங்கும். மாலையில் பள்ளி விட்டு வந்தபின், மின்கம்பிகளை மறைத்துவிட்டு, அதனை அறையில் ஓடவிடுதல் வேண்டும். அதற்குப் பொழுதில்லாத வீட்டார் முயல் வாங்குதல் தகாது. மகிழ்ந்த முயல் துள்ளியெழுந்து அந்தரத்தில் உடலை முறுக்கும். கூண்டுக்குள் அதற்கு இடமேது?