மன்னிப்புக் கடிதம் யார் பெயருக்கு?

வட அமெரிக்காவில் பனித்தரையில் ஆடப்படும் ஐஸ் ஹாக்கிக்கும் சாதி ஒழிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கோடிகளில் சம்பளம் வாங்குகிறவர்களின் விளையாட்டு அது, நம்மில் பலர் ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை என்பதும் உண்மைதான். ஆனாலும் என்.எச்.எல். எனப்படும் தேசிய ஹாக்கி லீகின் 2019-20 சீசனை நாம் பாடமாகப் படித்தே ஆக வேண்டும் என்கிறோம். ஒடுக்கப்பட்ட ஒருவன் வாய் திறந்தால் ஒரு பெரிய நிறுவனம் அவனை எப்படிக் கையாளும் என்பதை முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரே சீசனில் காட்டிய கதை அது.

2019 அக்டோபர் 2 அன்று 31 அணிகளோடு சீசன் தொடங்கியது. நவம்பர் 9 அன்று கனடாவின் மிகப் பிரபலமான ஹாக்கி வர்ணனையாளர் டான் செரி, புலம்பெயர்ந்தவர்கள் போர் வீரர்களின் நினைவுச் சின்னமான பாப்பிப் பூவை அணிவதில்லை என்று தொலைக்காட்சியில் கடிந்தார். 'நீங்கள்லாம்' என்று அவர் விரல் நீட்டிய தொனி போதுமானதாக இருந்தது. இரண்டு நாளில் வேலை போனது. நவம்பர் 20 அன்று டொராண்டோ அணி தன் பயிற்சியாளர் மைக் பாப்காக்கை நீக்கியது. அவர் வீரர்களை நடத்திய விதம் பற்றிய செய்திகள் வெளிவரத் தொடங்கின. நவம்பர் 25 அன்று, அதையொட்டி அகிம் அலியு என்ற வீரர் ட்விட்டரில் எழுதினார்.

அலியு நைஜீரியாவில் பிறந்தவர். அப்பா நைஜீரியர், அம்மா உக்ரைனியர். கீவில் வளர்ந்து, சிறுவனாகக் கனடா வந்து ஹாக்கி கற்றவர். 2009-10 சீசனில் என்.எச்.எல்.லுக்கு அடுத்த நிலை லீகில், ராக்ஃபோர்டு அணியில் ஆடினார். அப்போது அவருக்கு 20 வயது. உடை மாற்றும் அறையில் அவர் போட்ட பாட்டு பிடிக்காமல், கறுப்பினத்தவரை அடிமைக் காலத்திலிருந்து இழிவுபடுத்திவரும் அந்தச் சொல்லைப் பயிற்சியாளர் பில் பீட்டர்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னார் என்பதுதான் குற்றச்சாட்டு. அதை எதிர்த்ததால் தன்னை இன்னும் கீழ்நிலை லீகுக்கு அனுப்பச் சொல்லி அவர் மேலிடத்துக்கு எழுதினார் என்றும் அலியு சொன்னார். அந்த அணியில் உடன் ஆடிய இருவர் அந்த வசவு நடந்ததை உறுதிப்படுத்தினார்கள். 2019இல் அதே பீட்டர்ஸ் கால்கரி ஃபிளேம்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர்.

உடனே வந்த கேள்வி நமக்குப் பழகிய கேள்வி: "பத்து வருஷம் ஏன் சும்மா இருந்தான்?"

இதற்கு ஒரு சமூகவியல் பதில் உண்டு. கீழ்நிலை லீகில் ஆடும் இளைஞனின் மொத்த எதிர்காலமும் பயிற்சியாளர் கையில் இருக்கிறது. எத்தனை நிமிடம் களத்தில் இறக்குவது என்று அவர் முடிவு செய்வார். அவர் எழுதும் அறிக்கையைப் பார்த்துத்தான் மேலே அழைப்பார்கள். 'குணம் சரியில்லை' என்ற இரண்டு சொல் போதும், ஒருவனின் கதை முடிய. நம் ஆய்வு மாணவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கைடு கையெழுத்து போடாவிட்டால் ஃபெல்லோஷிப் நிற்கும் என்று தெரிந்தவர்கள், ஒரு வசவை விழுங்கிவிட்டு நூலகத்துக்குப் போவதை நாங்கள் எங்கள் பணியில் தொடர்ந்து பார்க்கிறோம். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று யாரும் படிக்க வேண்டாம். தண்டிக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவரைப் பற்றி அவரிடமே புகார் கொடுக்கச் சொல்லும் அமைப்பில் மௌனம்தான் ஒரே பாதுகாப்பு.

அடுத்து வந்தது மன்னிப்பு. பீட்டர்ஸ் ஒரு கடிதம் எழுதினார். யாருக்கு? அலியுவுக்கு அல்ல. கால்கரி அணியின் பொது மேலாளருக்கு! கடிதத்தில் அலியுவின் பெயரே இல்லை. அது ஏதோ ஒரு தடவை நடந்துவிட்ட சம்பவம் என்று விளக்கம் வேறு. நவம்பர் 29 அன்று அவர் பதவி விலகினார். 'நீக்கினோம்' என்று அணி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். காயப்பட்டவன் ஒருவன், மன்னிப்பு போய்ச் சேர்ந்த இடம் வேறு. முதலாளிக்கு ஏற்பட்ட சங்கடத்துக்காக வருந்துவதுதான் அந்தக் கடிதம். ஊர்ப் பஞ்சாயத்தில் சேரிப் பையனை அடித்தவன், "ஊர் பேரைக் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க" என்று ஊர்ப் பெரியவர் காலில் விழுவானே, அதே இலக்கணம். அடிபட்டவன் கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருப்பான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

'ஒரு தடவை' என்பதும் நிற்கவில்லை. பீட்டர்ஸ் முன்பு பயிற்சி தந்த கரோலினா அணியில் ஒரு வீரரை உதைத்தார், இன்னொருவரைக் குத்தினார் என்று அங்கே ஆடிய மிஹால் ஜோர்டான் வெளிப்படுத்தினார். அப்போது துணைப் பயிற்சியாளராக இருந்த ராட் பிரிண்டமோர் அது நடந்ததை உறுதிசெய்தார். தான் உடனே நடவடிக்கை எடுத்ததாக அன்றைய பொது மேலாளர் சொன்னார். அந்த நடவடிக்கைக்குப் பிறகும் பீட்டர்ஸ் 2018 வரை அங்கேதான் வேலை பார்த்தார், அங்கிருந்து நேராகக் கால்கரிக்குப் போனார். உள்ளுக்குள் பேசி முடித்தல் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

லீக் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் லீகின் ஆணையர் கேரி பெட்மன் அலியுவைச் சந்தித்தார். டிசம்பர் 9 அன்று பயிற்சியாளர்களுக்குக் கட்டாய வகுப்பு, புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண், இனி பொறுத்துக்கொள்ள மாட்டோம் என்ற அறிவிப்பு எல்லாம் வந்தன. ஒரு வீரன் ட்விட்டரில் எழுதியதால்தான் இத்தனையும் வந்தன. அந்த அளவுக்கு அது வெற்றியே.

ஆனால் அந்த வெற்றிக்கான விலையை யார் கொடுத்தார்கள்? பீட்டர்ஸுக்கு 2020 ஏப்ரலிலேயே ரஷ்யாவின் பெரிய லீகில் தலைமைப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. 2023இல் கனடாவுக்கே திரும்பி லெத்பிரிட்ஜில் பதின்வயதினருக்குப் பயிற்சி தரும் பொறுப்புக்கு வந்தார். அலியு என்.எச்.எல்.லில் ஆடியது மொத்தம் 7 ஆட்டங்கள். உண்மையைச் சொன்ன பிறகும் அது 7தான்.

ஒரு மனிதன் திருந்தவே கூடாது, வேலைக்கே போகக்கூடாது என்பது நம் வாதமல்ல. குற்றம் செய்தவனுக்குத் திரும்பி வர ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். குற்றத்தைச் சொன்னவனுக்கு அப்படி ஒரு கதவு இருக்கிறதா என்பதே நம் கேள்வி.

இங்கே சிலர் தகுதி, திறமை என்று ஆரம்பிப்பார்கள். வில்லி ஓ'ரீ 1958 ஜனவரி 18 அன்று பாஸ்டன் அணிக்காகக் களமிறங்கி, லீகின் முதல் கறுப்பின வீரரானார். அடுத்த கறுப்பின வீரர் வந்தது 1974இல். இடைப்பட்ட 16 ஆண்டுகளில் கனடாவின் கறுப்பினக் குடியிருப்புகளில் ஆடத் தெரிந்த ஒருவர்கூடப் பிறக்கவில்லையா? 1895இலேயே ஹாலிஃபாக்ஸில் கறுப்பின பாப்டிஸ்ட் தேவாலயத் தலைவர்கள் தங்கள் மக்களுக்கென்று ஒரு ஹாக்கி லீகையே தொடங்கியிருந்தார்கள். என்.எச்.எல். பிறந்தது 1917இல்தான். திறமை இருந்தது, இடம் இல்லை. 2019-20 சீசனில் 31 அணிகளில் ஒரு கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர்கூட இல்லை. அதுவரை லீகின் வரலாற்றிலேயே ஒருவர்தான் இருந்தார்: 1998-99இல் சிகாகோ அணிக்கு வந்த டிர்க் கிரஹாம். சீசன் முடியும் முன்பே அவரை அனுப்பிவிட்டார்கள்.

'ஹாக்கி எல்லோருக்குமானது' என்பது லீகின் பிரச்சார வாசகம். 2020 மே மாதம் அலியு எழுதிய கட்டுரையின் தலைப்பு 'ஹாக்கி எல்லோருக்குமானது அல்ல'. ஸ்கேட், கவசம், பனித்தரை வாடகை எல்லாமே காசு. காசுள்ள வீட்டுப் பிள்ளைகள் சிறுவயதிலேயே மேலே போய்விட்ட பிறகு 'எல்லோரும் வரலாம்' என்று கதவில் எழுதி வைப்பது யாருக்கும் நஷ்டமில்லாத காரியம். 2022இல் லீக் முதன்முறையாக வெளியிட்ட கணக்கிலேயே, லீகிலும் அணிகளிலும் வேலை செய்வோரில் 83.6 விழுக்காட்டினர் வெள்ளையர்.

2020 மார்ச் 12 அன்று கொரோனாவால் சீசன் நின்றது. மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டார். ஜூன் 8 அன்று அலியு, எவாண்டர் கேன் உள்ளிட்ட ஏழு வீரர்கள் ஹாக்கி பன்முகக் கூட்டணி என்ற அமைப்பை, லீகுக்குக் கட்டுப்படாத தனி அமைப்பாகத் தொடங்கினார்கள். ஆகஸ்ட் 1 அன்று எட்மன்டனில் ஆட்டங்கள் மீண்டும் தொடங்கியபோது, அவர்களில் ஒருவரான மாட் டம்பா நடுக்களத்தில் நின்று நிறவெறிக்கு எதிராகப் பேசி, அமெரிக்க தேசிய கீதத்தின்போது மண்டியிட்டார். ஆடவிருந்த இரண்டு அணிகளிலிருந்தும் ஒவ்வொரு கறுப்பின வீரர் அவர் தோளில் கை வைத்து நின்றார்கள். மற்றவர்கள் தங்கள் இடத்தில் நின்றார்கள்.

ஆகஸ்ட் 23 அன்று விஸ்கான்சினில் ஜேக்கப் பிளேக் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ் முதுகில் சுட்டது. 26ஆம் தேதி மில்வாக்கி கூடைப்பந்து அணி ஆட மறுத்தது, கூடைப்பந்து லீகே நின்றது. அன்றிரவும் ஹாக்கி நடந்தது. டொராண்டோவில் ஆட்டத்துக்கு முன் சில நொடிகள் அமைதி காத்தார்கள், அவ்வளவுதான். கூட்டணி வெளிப்படையாகக் கேட்டு, வீரர்கள் முடிவெடுத்த பிறகுதான் 27, 28 இரண்டு நாட்கள் ஆட்டங்கள் தள்ளிப்போயின. செப்டம்பர் 28 அன்று டாம்பா பே அணி கோப்பையைத் தூக்கியது. அடுத்த மாதமே கூட்டணி லீகோடு உறவை முறித்துக்கொண்டது. ஆட்சேர்ப்பில் இலக்கு, அடிமட்டத் திட்டங்களுக்கு நிதி என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். லீக் தந்தது விளம்பரம் என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

அந்த முறிவுதான் இந்த சீசனின் பெரிய பாடம் என்று நாம் நினைக்கிறோம். தங்கள் படத்தைச் சுவரொட்டியில் போட்டுக்கொள்ள அவர்கள் அனுமதிக்கவில்லை, வெளியே வந்து தங்கள் வேலையைத் தொடர்ந்தார்கள்.

கறுப்பின மக்களின் போராட்டத்திலிருந்து கற்பது நமக்குப் புதிதல்ல. 1946இல் அண்ணல் அம்பேத்கர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் மும்பையில் தலித் பேந்தர்ஸ் தங்கள் பெயரைக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்தார்கள். விளையாட்டில் சாதி இல்லை என்று இனியும் சொல்வோர், 2021 ஆகஸ்டில் ஒலிம்பிக் அரையிறுதியில் இந்திய மகளிர் ஹாக்கி அணி தோற்றபோது ஹரித்வார் அருகே வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து, சாதி சொல்லித் திட்டியதை நினைத்துப் பார்க்கட்டும்.

உடை மாற்றும் அறை நமக்கும் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சாதி சொல்லி இழிவுபடுத்துவதைக் குற்றம் என்கிறது, ஆனால் 'பொதுப் பார்வையில்' நடந்திருக்க வேண்டும். பொதுமக்கள் யாரும் இல்லாத நான்கு சுவருக்குள் சொன்னால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. பேராசிரியரின் அறையும் விடுதி வார்டனின் அறையும் நான்கு சுவர்தான். சாட்சி இருந்ததால்தான் அலியுவின் சொல் நின்றது. ஆகவே சொல்கிறோம்: வசவு விழுந்த அன்றே தேதி, நேரம், இடம், சொன்ன சொல், அருகில் இருந்தவர் பெயர் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். இன்னொரு தோழருக்கு அதை அன்றே அனுப்பி வையுங்கள். அருகில் நின்று கேட்டவராக நீங்கள் இருந்தால், பத்து வருடம் கழித்து உறுதிப்படுத்தக் காத்திருக்காதீர்கள்.

உயர்கல்வி நிறுவனங்களில் சமவாய்ப்பு மையமும் பாகுபாட்டுக்கு எதிரான அலுவலரும் இருக்க வேண்டும் என்று யு.ஜி.சி. 2012இலேயே விதி வகுத்தது. உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார் என்று இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள். அவரே உங்கள் துறைத் தலைவராக இருந்தால், அதையும் எழுத்தில் எதிர்த்துக் கேளுங்கள். குழுவில் உறுப்பினராக உங்களை அழைத்தால் போங்கள், ஆனால் வெளியே உங்கள் சங்கத்தைக் கலைத்துவிட்டுப் போகாதீர்கள்.

அடுத்த முறை ஏதாவதொரு நிறுவனம் வருத்தம் தெரிவித்து அறிக்கை விட்டால், மூன்று விஷயங்களைப் பாருங்கள். கடிதம் யார் பெயருக்கு எழுதப்பட்டிருக்கிறது? புகார் சொன்னவர் ஓராண்டு கழித்து அதே வகுப்பில், அதே வேலையில் இருக்கிறாரா? புகாருக்கு ஆளானவரைத் தண்டித்தார்களா, அல்லது விலகிப்போக வழிவிட்டார்களா? இந்த மூன்றுக்கும் பதில் வரும்வரை கைதட்ட வேண்டாம்.